செந்தமிழ் எல்லைக்கு வெளியே காஞ்சி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் பழைய உரையாசிரியர்கள் செந்தமிழ் நாட்டுக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். வையைக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. இந்தக் கட்டத்துக்குள் வழங்குவது செந்தமிழ். சுற்றிலும் உள்ள பன்னிரண்டு நிலங்களில் வழங்குபவை திசைச்சொல். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வையையின் தென்கரையில் கிடக்கும் மதுரையே எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. காஞ்சிபுரத்தைக் கேட்கவே வேண்டாம். பன்னிரு நிலப் பட்டியலில் அருவாநாடு, அருவாவடதலை என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. பெண்ணையாறும் பாலாறும் பாயும் தொண்டை மண்டலத்தைத்தான் அவை குறிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக, இலக்கணக்காரர் கணக்கில் காஞ்சி பேசியது கொஞ்சம் மாற்றுக் குறைந்த தமிழ்.

1909 செப்டம்பர் 15-இல் அந்த ஊரில், ஒரு செங்குந்தர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணாதுரை. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் அவர் முதல்வராக இருந்தபோது, 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெயர் 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. திசைச்சொல் நிலத்துப் பிள்ளை ஒரு மொழியின் பெயரை நாட்டுக்கே வைத்தார் என்பதை வரலாற்றின் குறும்பு என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மொழியைக் கொண்டு ஓர் இனம் தன்னை அடையாளம் கண்டுகொள்ளும்போது, அந்த மொழியின் எந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்கிறது? வட்டாரத்துக்கு வட்டாரம், சாதிக்குச் சாதி, கடல் தாண்டினால் இன்னொன்று என்று பேச்சு பிரிந்து கிடக்க, "தமிழ்" என்று ஒருமையில் சொல்வது எதை?

ஜெர்மானியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. அவர்கள் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் நம் கதையில் எது பொது, எது நமக்கே உரியது என்பது தெளியும்.

முதலில் காஞ்சியை முடித்துவிடுவோம். இந்த ஊர் எப்போதுமே ஒருமொழி ஊராக இருந்ததில்லை. பல்லவர்களின் தொடக்கச் செப்பேடுகள் பிராகிருதத்தில் இருக்கின்றன. பிறகு வடமொழி வந்தது, அதற்கும் பிறகுதான் அவர்கள் ஆவணங்களில் தமிழ் சேர்ந்தது. மகேந்திரவர்மன் காஞ்சித் தெருக்களை வைத்து எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் வடமொழியும் பிராகிருதமும் கலந்த நாடகம். மணிமேகலைக் காப்பியமோ தன் நாயகியைக் கடைசியில் காஞ்சிக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

இலக்கணம் யாருடையது என்ற வழக்கும் இங்கே நடந்திருக்கிறது. புராணக் கதையாகத்தான், ஆனால் பொருள் பொதிந்த கதை. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றுகிறார். முதல் பாட்டின் முதல் அடியிலேயே அவை மறிக்கிறது. திகழ் என்ற சொல் அடுத்த சொல்லோடு புணர்ந்த விதத்துக்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லையாம். அரங்கேற்றம் நின்றுவிடுகிறது. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டுகிறார். வந்தவர் முருகனே என்று கதை முடிகிறது. முருகனை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது அந்த இலக்கண நூல்: வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதியது. காஞ்சிச் சைவரின் பாட்டைச் சரி என்று நிறுவ, சோழநாட்டுப் பௌத்தரின் நூல் தேவைப்பட்டது. சரி, தவறு என்ற முத்திரை வேறெங்கோ இருந்து வரவேண்டும் என்ற நினைப்பு காஞ்சிக்கு அப்போதே இருந்திருக்கிறது.

சின்னக் காஞ்சிபுரத்துக்குப் போனால் வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலை, தென்கலை வழக்கு. வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் பக்கத்திலேயே இருக்கிறது. வடமொழி மரபுக்கு அழுத்தம் தந்த காஞ்சி, ஆழ்வார்களின் தமிழுக்கு அழுத்தம் தந்த திருவரங்கம் என்று பாடநூல்கள் பிரித்துச் சொல்லும். கோயிலில் நடப்பதைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். இரு கலையாருமே திவ்வியப் பிரபந்தம் ஓதுகிறவர்கள். யார் முன்னே நின்று, எந்தத் தனியனைச் சொல்லித் தொடங்குவது என்பதுதான் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றம் ஏறி இறங்கும் விஷயம். மொழிச் சண்டை என்று நாம் நினைப்பவற்றில் பலவும் உரிமைச் சண்டைகளே.

இனி தறிக்கு வருவோம். காஞ்சிபுரத்து நெசவாளர் என்றால் ஒரே சமூகம் அல்ல. செங்குந்தர் உண்டு, பத்மசாலியர் உண்டு, தேவாங்கர் உண்டு. வீட்டுக்குள் தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர் என்று ஒரே தொழிலுக்குள் மூன்று மொழிகள். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் கோர்வைச் சேலை ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்குத் தனி நாடா, கரைகளுக்குத் தனி நாடா. தறிக்காரர் ஒருவரால் எல்லா நாடாவையும் எறிய முடியாது. வலப்பக்கம் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கித் திருப்பித் தருவார். ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். முந்தி தொடங்கும் இடத்தில் பாவின் நிறமே மாறவேண்டும். பழைய பாவு இழைகளையும் புதிய இழைகளையும் பிணைத்து, வேண்டாதவற்றை அறுத்து எடுப்பார்கள். அதற்குப் பெட்னி என்று பெயர். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து, தலைக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டிக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர்.

அந்தத் தறியடியில் பேச்சு இப்படி இருக்கும். "வரச்சொல்ல ஜரிகைக் கட்டை எடுத்துக்கினு வாம்மா." "எதுண்ணா, ஒன்னாண்ட கீறதா, மேல கீறதா?" "தோ, குந்தினு இருக்கிறியே, அதுக்குப் பின்னால." துணையாளிடம் இப்படிப் பேசியவர், உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் காபி கேட்கிறார். கூட்டுறவு சங்கத்திலிருந்து ஆள் வந்தால் "கூலி உயர்வு பற்றிய கோரிக்கை" என்று மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார். மூன்றும் ஒரே மனிதர். மூன்றுக்கும் இடையில் அவருக்குத் தடுமாற்றம் ஏதும் இல்லை. உங்கள் மொழி எது என்று கணக்கெடுப்பவர் கேட்டால் தெலுங்கு என்பார். நீங்கள் யார் என்று டெல்லியில் கேட்டால் தமிழன் என்பார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 88 விழுக்காடு, தெலுங்கைச் சொன்னவர்கள் சுமார் 6 விழுக்காடு. இந்த 6 விழுக்காட்டில் பெரும்பகுதியினர் தங்களை வேற்றூரார் என்று நினைப்பதில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

ஜெர்மன் கதை வேறு மாதிரிப் போனது. மார்ட்டின் லூதர் 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் முழு விவிலியத்தையும் மக்கள் மொழியில் கொடுத்தபோது ஜெர்மனி என்று ஒரு நாடு இல்லை. நூற்றுக்கணக்கான சிற்றரசுகள், வடக்கே ஒரு பேச்சு, தெற்கே மலைப்பக்கம் இன்னொன்று. ஓர் ஊரார் பேசுவது அடுத்த மாகாணத்தாருக்குப் புரியாது. நாடு இல்லாதபோது மொழியே நாடு என்று தத்துவவாதிகளான ஹெர்டரும், நெப்போலியன் படை பெர்லினில் இருந்தபோது ஃபிக்டேயும் சொன்னார்கள். கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய பேரகராதியின் முதல் தொகுதி 1854-இல் வந்தது. வேலை முடிந்தது 1961-இல். 1871-இல் பிஸ்மார்க் நாட்டை ஒன்றாக்கியபோது ஆஸ்திரியா வெளியே நின்றது. அப்போதிருந்து ஒரு முடிச்சு: மொழியே நாடு என்றால், ஜெர்மன் பேசும் ஆஸ்திரியர் யார்? சுவிஸ்காரர் யார்?

ஹிட்லர் அந்த முடிச்சைத் தன் வழியில் அவிழ்த்தார். 1938-இல் ஆஸ்திரியாவை விழுங்கினார். அதன் விளைவு போருக்குப் பின் தெரிந்தது. ஆஸ்திரியாவில் சில ஆண்டுகள் பள்ளிச் சான்றிதழில் "ஜெர்மன்" என்ற பாடப்பெயரே இல்லை. "பயிற்று மொழி" என்று மட்டும் போட்டார்கள். கல்வி அமைச்சராக இருந்த ஹுர்டெஸ் பெயரால் அந்தப் பாடத்தை மக்கள் கேலி செய்தார்கள். 1951-இல் ஆஸ்திரிய அகராதி என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது 23 உணவுச் சொற்களுக்கு ஆஸ்திரிய வடிவமும் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். தக்காளிக்கும் சர்க்கரைப் பாதாமிக்கும் பன்னாட்டு உடன்படிக்கை! சிரிப்பு வரலாம், வெங்காயமா ஈருள்ளியா என்று நாமும் சண்டை போட்டவர்கள்தானே.

சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. எழுதுவது பொது ஜெர்மன், பேசுவது எங்கள் ஊர் ஜெர்மன்; வங்கி மேலாளரும் பால்காரரும் ஒன்றாகப் பேசுவார்கள். பக்கத்து நாட்டில் நாஜிகள் கொழுத்த 1930-களில், வட்டாரப் பேச்சைக் கைவிடாமலிருப்பதே நாட்டுப்பற்று என்றாயிற்று. 2011-இல் சூரிச் மாநிலத்தார் மழலையர் பள்ளிகளில் வட்டாரப் பேச்சே வேண்டும் என்று வாக்களித்தார்கள். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ் என்று வாழும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தச் சுவிட்சர்லாந்தில் இன்று பல்லாயிரம் ஈழத் தமிழர் குடியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் இரண்டு ஜெர்மனும் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழுமாக வளர்கிறார்கள்.

நாட்டு எல்லை ஒன்று வந்தால் வட்டார வழக்கு தேசிய வழக்காகிவிடுகிறது. ஜெர்மன் கதையிலிருந்து கிடைக்கும் பாடம் இதுதான். டச்சு மொழி தனியாகப் போனதும், இங்கே மேற்கு மலைக்கு அப்பாலிருந்த வழக்கு மலையாளமாகத் தனியாகப் போனதும் இன்னும் நீண்ட பயணங்கள். ஆனால் தமிழுக்கும் நாட்டெல்லைகள் உண்டே. இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது; 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். அங்கெல்லாம் ஆஸ்திரியா போலத் தனி அகராதி, தனி எழுத்து, தனி இலக்கணம் ஏன் எழவில்லை?

பேச்சில் வேறுபாடு இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தார் கதைக்கிறார்கள், நாம் பேசுகிறோம்; அவர்கள் ஒருவரைப் பேசினார்கள் என்றால் திட்டினார்கள் என்று அர்த்தம். நாம் டொரண்டோ என்று எழுதுவதை அவர்கள் ரொறன்ரோ என்கிறார்கள். ஆனாலும் எழுத்துத் தமிழ் பிளவுபடவில்லை. காரணங்களில் ஒன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: இன்றைய எழுத்துத் தமிழைச் செய்து கொடுத்ததில் யாழ்ப்பாணத்தாருக்குப் பெரிய பங்கு. நிறுத்தக் குறிகளோடு தெளிந்த உரைநடையை அச்சில் ஏற்றிய ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூர்க்காரர். தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. தங்கள் கையால் கட்டிய வீட்டை விட்டு ஏன் வெளியேற வேண்டும்? உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964-இல் உருவாக்க முன்னின்றவரும் இலங்கையரான தனிநாயகம் அடிகள்தான். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) யாழ்ப்பாணச் சொற்களுக்குத் தனிக் குறி போட்டு ஏற்றுக்கொண்டது. கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் இலங்கை வழக்கை அடையாளமிட்டுச் சேர்த்தது. ஜெர்மன் நாடுகளின் வழக்கு வேறுபாடுகளை ஒரே நூலில் தொகுத்த அகராதி 2004-இல்தான் வந்தது என்பதைப் பார்க்கும்போது, இதில் நாம் ஒன்றும் பின்தங்கவில்லை.

சிங்கப்பூர் எடுத்த முடிவு மட்டும் சற்று சுவிஸ் வாடை உடையது. 2005-இல் அங்கு தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரவேண்டும் என்றது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் பள்ளியில் செந்தமிழை மட்டும் கொடுத்தால், தமிழ் தேர்வுத்தாளில் மட்டும் வாழும் என்ற அச்சம். யாருடைய பேச்சுத்தமிழ் என்ற கேள்வி உடனே வந்தது. வட்டாரமோ சாதியோ வெளித்தெரியாத, படித்தவர்களின் பொதுப் பேச்சு என்பது விடை. ஹெரால்ட் ஷிஃப்மன் போன்ற மொழியியலாளர்கள் திரைப்படமும் வானொலியும் உருவாக்கிய இந்தப் பொதுப் பேச்சைப் பற்றி முன்பே எழுதியிருந்தார்கள்.

சாதி என்ற சொல் வந்துவிட்டது. ஜெர்மனோடு ஒப்பிடும்போது இங்கேதான் பாதை பிரிகிறது என்பது என் எண்ணம். அங்கே ஒருவர் பேச்சு எந்த ஊர் என்று காட்டும். இங்கே எந்தத் தெரு என்றும் காட்டும். ஏ. கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் 1964-இல் எழுதிய கட்டுரை பிராமணர், பிராமணரல்லாதார் வழக்குகள் எப்படித் தனித்தனியே மாறுகின்றன என்று காட்டியது. இந்த நிலத்தில் ஏதாவது ஒரு வட்டாரப் பேச்சைத் தேசியப் பேச்சாக உயர்த்தியிருந்தால், அது ஒரு சாதியின் பேச்சை உயர்த்தியதாக முடிந்திருக்கும். சுவிஸ் வழி நமக்கு அடைபட்ட வழி.

இதைத் திராவிட இயக்கம் கோட்பாடாக உணர்ந்து செய்ததா, போகிற போக்கில் நேர்ந்ததா தெரியாது, செய்தது சரியானதைத்தான். 1916 வாக்கில் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் எழுத்துக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. அண்ணா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியவர், அடுக்குமொழியும் எதுகை மோனையுமாக ஒரு மேடைத் தமிழைச் செய்தார். செந்தமிழ் நடையில் அரசியல் மேடையில் முழங்குவது பழம்மரபு அல்ல, 20-ஆம் நூற்றாண்டுப் புதுமை என்று ஆய்வாளர் பெர்னார்ட் பேட் தன் 2009 நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தத் தமிழ் யாருடைய வீட்டிலும் பேசப்படவில்லை. செங்குந்தர் வீட்டிலும் இல்லை, அக்கிரகாரத்திலும் இல்லை, சேரியிலும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாததால் அது எல்லோருக்கும் சமதூரத்தில் நின்றது. தெலுங்கு வீட்டு நெசவாளர் அதைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடும் தமிழ் வீட்டு நெசவாளர் பட்ட பாடும் கிட்டத்தட்ட ஒன்றே. 1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தி.மு.க.வினர் தெருத்தெருவாக விற்றபோது, வாங்கியவர் நெய்தவரின் வீட்டு மொழியைக் கேட்கவில்லை.

மொழியில் தொடங்கி ரத்தத்தையும் பிறப்பையும் பேசப்போன ஜெர்மன் தேசியம் போன இடம் உலகுக்குத் தெரியும். கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு மொழி வடிவத்தின்மேல் எழுந்த தமிழ் அடையாளம், எல்லைத் தகராறுகளுக்கும் சில வசைகளுக்கும் அப்பால், பெரும்பாலும் வாசலைத் திறந்தே வைத்திருந்தது. வாசலை மூட விரும்பும் குரல்கள் இப்போது அவ்வப்போது எழுகின்றன. வீட்டு மொழியைக் கேட்டுத் தமிழரைப் பிரிக்கப் பார்க்கின்றன. காஞ்சியில் ஒரு வாரம் தங்கினால் அந்தப் பேச்சின் வெறுமை புரியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறோம். மேடைத் தமிழ் பொதுவான அளவுக்கு, வட்டாரப் பேச்சு கூச்சத்துக்குரியதாயிற்று. எல்லா வட்டாரத்துக்கும் ஒரே அளவில் அல்ல. கரிசலுக்கு கி. ராஜநாராயணன் வந்தார், கதைகளோடு நில்லாமல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்தார். கொங்குக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இலேயே வந்துவிட்டது. பிறகு பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி செய்தார். விருத்தாசலம் பக்கத்துக்குக் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி இருக்கிறது. நெல்லையும் மதுரையும் சினிமாவில் கம்பீரம் பெற்றன. வடதமிழ்நாட்டுப் பேச்சுக்கு வாய்த்தது வேறு. "இன்னா", "கினு" என்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்தாலே சிரிப்பு நடிகர் அல்லது அடியாள் என்று எழுதாத விதி. ஜெயகாந்தன் போன்ற சிலர் சென்னைச் சேரியின் பேச்சுக்கு மதிப்புத் தந்தார்கள். பாலாற்றங்கரைப் பேச்சுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்துப் பையன் சென்னைக் கல்லூரிக்குப் போனால் முதலில் கழற்றி வைப்பது தன் ஊர்ப் பேச்சைத்தான். உரையாசிரியர்கள் போட்ட பழைய எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை.

இதற்கு மருந்து வட்டாரத் தேசியம் அல்ல. தொண்டைநாட்டுப் பேச்சைப் பாடநூலில் ஏற்றுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். பொதுத் தமிழ் பொதுவாகவே இருக்கட்டும். கேட்பது இன்னும் எளியது: ஒரு சொல்லகராதி. தெலுங்கில் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழில்சார் வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் திட்டமிட்டார். முதல் தொகுதி வேளாண்மை, 1962. இரண்டாம் தொகுதி கைத்தறி, 1971; ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி வெளியிட்டது. தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் என்ன பெயர் என்று நெசவாளர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தொகுத்த வேலை அது.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்துவிட்டோம். கரையின் அளவுக்கும், ஜரிகையின் வெள்ளி எடைக்கும் தரக்கட்டுப்பாடு பேசுகிறோம். கோர்வை போடத் தெரிந்தவர்கள் வயதாகிவருகிறார்கள். பிள்ளைகள் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் பேருந்து ஏறுகிறார்கள். தறியடிச் சொற்களை, செங்குந்தர் சொல்வதையும் சாலியர் சொல்வதையும் தேவாங்கர் சொல்வதையும், அவை தமிழா தெலுங்கா கன்னடமா என்று வடிகட்டாமல், அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து ஓர் அகராதி ஆக்க வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகமோ, கைத்தறித் துறையோ, காஞ்சியின் பட்டுக் கூட்டுறவு சங்கங்களோ, யார் தொடங்கினாலும் சரி. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும்போதே தொடங்கவேண்டிய வேலை இது.